மலைச்சாலையில் ஒரு நாள் பைக் பயணம்: வழி போடுவது முதல் செயின் துடைப்பது வரை

அழகான சாலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கண்ணைத் தன்னிடமிருந்தே இழுத்துக்கொண்டு போய்விடும். பைக்கோ கண் போகும் பக்கமே போகும் வண்டி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பள்ளத்தாக்கை இரண்டு நொடி பார்த்தால், 28 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆகவே இந்தப் பயணத்துக்கான திட்டமெல்லாம் ஒரே ஏற்பாட்டைச் சுற்றித்தான்: ஓட்டும்போது சாலை, நின்றால் காட்சி. அப்படி நிற்பதற்கு நேரம் கையில் இருக்க வேண்டும்.

வழியும் நேரமும்

வரைபடச் செயலி காட்டும் நேரத்தை அப்படியே நம்பினால் மாலையில் கையைக் கடிக்கும். அது நிற்காமல் ஓடுகிறவருக்கான கணக்கு. வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் சராசரி வேகம் 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், சமவெளியில் 50. கணக்கு இப்படி வரும்: மலையடிவாரம் வரை 60 கி.மீ., மலையில் 120 கி.மீ., திரும்ப 60 கி.மீ. ஓடும் நேரம் மட்டும் 6 மணி 24 நிமிடம். இதோடு பத்து நிமிட ஓய்வு ஆறு முறை, மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, பெட்ரோலுக்கும் மற்றதுக்கும் அரை மணி, எதிர்பாராததற்கு முக்கால் மணி. கூட்டினால் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம். வெறும் 240 கி.மீ.தான், ஆனாலும் ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. முதல்முறை போகிறவர்கள் 180க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். சூரியன் 6 மணிக்கு மறைகிறது என்றால் 4.30க்கு மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் வெயில் ஒரு மணி நேரம் முன்பே போய்விடும். விலங்குகள் சாலைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். மேலே போட்ட கணக்குப்படி காலை 8.20க்குக் கிளம்பினால் போதும். ஆனால் 6.30க்குக் கிளம்புங்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் நாள் முழுவதும் அவசரமில்லாமல் ஓட்ட வைக்கும்.

போன வழியே திரும்புவதைவிட வட்டமாகச் சுற்றி வருவது சுவையானது. ஆனால் வட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதிக்கு வந்துவிட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம். எனவே நடுவில் எங்கே குறுக்கு வழியாக இறங்க முடியும் என்று இரண்டு இடங்களை முன்பே குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நேரம் எழுதுங்கள். "முதல் சந்திப்பை 12.30க்குள் தாண்டாவிட்டால் குறுக்கு வழி" என்பது போல. அந்த இடத்தில் நின்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

எந்தத் திசையில் சுற்றுவது? காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓடும்படி அமைத்தால் வெயில் முதுகில் விழும். அதோடு, பள்ளத்தாக்கு நீங்கள் ஓட்டும் பக்கம் வருகிற திசையாக இருந்தால் காட்சிமுனையில் நிற்கும்போது சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒத்துவராவிட்டால் வெயிலுக்கே முதலிடம் கொடுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் விதி எளிது: டாங்க் பாதியானதும் நிரப்புவது. ஏற்றத்தில் கியர் இறக்கி ஓட்டும்போது வழக்கமான மைலேஜில் கால்பங்குகூடக் குறையலாம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டுவதாக இருந்தால், எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். ஆப்பிள் நிறுவனமே 2021இல் தன் ஐபோன்களைப் பற்றி இப்படி எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் வாங்குங்கள், அல்லது பழைய போனை மாட்டுங்கள்.

ஒரு வாரம் முன்பு: வண்டி

முந்தைய நாள் இரவு வண்டியைச் சோதிப்பதில் பயனில்லை. கோளாறு தெரிந்தாலும் சரிசெய்ய நேரமிருக்காது. ஒரு வாரம் முன்பே குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

டயரிலிருந்து தொடங்குங்கள். பள்ளங்களின் ஆழம் 2 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் சட்டம் அனுமதித்தாலும் மழை வாய்ப்புள்ள மலைக்கு வேண்டாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. காற்றழுத்தத்தைக் கிளம்பும் நாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே, வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி வையுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதற்கான அளவு தனியாக எழுதியிருக்கும். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். மலை ஏறியதும் மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். குளிரில் அழுத்தம் சற்றுக் குறையும், மேலே வெளிக்காற்று லேசாவதால் கேஜில் சற்றுக் கூடும். இரண்டும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும்.

பிரேக் பேடில் உராயும் பகுதி 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு வரையறுத்த குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக்குமிழ் உண்டானால் லீவர் பஞ்சுபோல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடம் ஆகியிருந்தால் மலைக்குப் போகுமுன் ஆயிலை மாற்றிவிடுங்கள். நகருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது.

செயினில் எல்லோரும் தளர்ச்சிக்குத்தான் பயப்படுகிறார்கள். இறுக்கம் அதைவிட மோசம். சாதாரண சாலை பைக்குகளுக்குக் கீழ்ச்செயினின் நடுவில் 25 முதல் 35 மி.மீ. வரை ஏறி இறங்க வேண்டும். சரியான அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தை வைத்து அளவை அமையுங்கள். பின்னால் எடை ஏறி, பள்ளத்தில் சக்கரம் மேலே போகும்போது செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் அந்த இழுப்பெல்லாம் கியர்பாக்ஸின் பேரிங்கில் போய் விழும்.

மிச்சத்தை வேகமாகப் பார்த்துவிடலாம்: எஞ்சின் ஆயில் அளவு, எல்லா விளக்குகள், ஹாரன், பேட்டரி முனைகள். கிளட்ச் கேபிளை லீவர் பக்கத்து முனையில் உற்றுப் பாருங்கள். இழை ஒன்று பிரிந்திருந்தால்கூட மாற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நூறு முறை கிளட்ச் பிடிக்கும் நாளில்தான் அது அறும். கார்பரேட்டர் வண்டி உயரத்தில் மூச்சு வாங்கும். 1000 மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பலம் குறையும். அதற்காக ஸ்குருவைத் திருகாதீர்கள். இறங்கியதும் தானாகச் சரியாகும்.

உடுப்பும் மூட்டையும்

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஓடும் காற்று அதை இன்னும் குளிராக்கும். தடித்த ஒரே உடுப்பைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. கணுக்காலை மூடும் ஷூ, முழு விரலையும் மூடும் கையுறை, முழங்கை, தோள், முதுகு காப்புள்ள ஜாக்கெட், முகம் மூடும் ஹெல்மெட், இதில் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. இருண்ட வைசர் போட்டிருந்தால் தெளிவான வைசர் ஒன்று பையில் இருக்கட்டும். மாலையில் அதன் அருமை தெரியும். காதடைப்பானைப் பலர் கிண்டல் செய்வார்கள். எட்டு மணி நேரம் காற்றிரைச்சல் கேட்டு வரும் களைப்பை ஒருமுறை அது குறைத்துப் பார்த்தால் பிறகு விடமாட்டார்கள்.

மூட்டையில் கனமானது கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும். கட்டிய வாரின் தொங்கும் முனைகளைச் சுருட்டி டேப் ஒட்டுங்கள். சக்கரத்திலோ செயினிலோ சிக்கிய வார் ஒன்று பின்சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். முதல் ஐந்து கி.மீ. ஓடியதும் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டை தளர்வது பெரும்பாலும் அந்த முதல் ஐந்தில்தான்.

வளைவு: கண்ணும் வேகமும்

மலைச்சாலையின் சாரமே வளைவுதான். வளைவில் டயரிடம் கேட்கும் பிடிப்பு வேகத்தோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறும்; சாய்வும் அதோடு கூடும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 50 கி.மீ. வேகத்தில் எடுக்கத் தேவையான சாய்வு சுமார் 21 டிகிரி. 60இல் 30 டிகிரி. 70இல் 38 டிகிரி. ஐம்பதில் சுகமாக இருந்த வளைவு எழுபதில் பல வண்டிகளின் ஃபுட்ரெஸ்டைத் தரையில் உரச வைக்கும்.

ஆகவே வேகத்தைக் குறைப்பது, கியர் இறக்குவது இரண்டையும் வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் மென்மையாக, மாறாமல் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் இருக்கட்டும். அதை விட்டால் எடை முன்னால் சரிந்து, வண்டி நினைத்த கோட்டை விட்டு விலகும்.

எவ்வளவு வேகம் சரி என்பதைச் சாலையே சொல்லும். வளைவில் சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோலத் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அதே தூரத்தில் இருந்தால் வேகம் சரி. விலகி ஓடினால் வளைவு திறக்கிறது, மெல்ல முறுக்கலாம். இதற்குத் துணையாக நிறுத்தத் தூரத்தை மனதில் வையுங்கள்: காய்ந்த நல்ல சாலையில், உணர்ந்து செயல்பட ஒரு நொடியையும் சேர்த்து, 40 கி.மீ. வேகத்தில் சுமார் 20 மீட்டர், 60இல் 37, 80இல் 58. அந்தப் புள்ளி இருக்கும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் எதுவானாலும் அதிகம்தான்.

எதிர்த்தடத்தை நோக்கி வளையும் வளைவில் ஒரு கண்ணி இருக்கிறது. சக்கரம் உங்கள் தடத்திலேயே இருக்கும். ஆனால் 30 டிகிரி சாய்ந்தால் தலை முக்கால் மீட்டர் அளவுக்கு உள்பக்கம் போய்விடும். சக்கரம் நடுக்கோட்டை ஒட்டி ஓடினால் தலை எதிரே வரும் லாரியின் பாதையில் இருக்கும். நடுக்கோட்டிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். உங்கள் ஓரத்தை நோக்கி வளையும் வளைவில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு: உள்விளிம்பில் மழை அடித்து வந்த சரளை, வெளியே தள்ளிப் போனால் எதிர்த்தடம். உங்கள் தடத்தின் நடுவில் நுழைந்து, வெளியேறும் பாதை தெரியும்வரை அங்கேயே இருப்பதுதான் வழி.

வேகம் கூடிப்போய் நுழைந்துவிட்டால்? மனம் பள்ளத்தைப் பார்க்கும். பார்த்தால் அங்கேயே போவீர்கள். கண்ணை வளைவு முடியும் இடத்துக்குத் திருப்பி, வளையும் பக்கத்து ஹேண்டில்பாரை முன்னோக்கி அழுத்துங்கள். தலைகீழாகத் தோன்றினாலும், வண்டி அந்தப் பக்கம்தான் இன்னும் சாயும். பெரும்பாலான நேரம் வண்டியால் முடியும். ஓட்டுகிறவர்தான் முன்பே கைவிடுகிறார். இந்த அழுத்தத்தை ஆள் இல்லாத நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் லேசாக அழுத்திப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் கதை வேறு. வளைவுக்கு முன்பே முதல் அல்லது இரண்டாம் கியர். உள்ளே கிளட்சைப் பிடித்தால் ஏற்றத்தில் வண்டி நின்று சரியும், இறக்கத்தில் ஓடிவிடும். முன்பிரேக்கைத் தொடாமல், பின்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி வெளியேறும் சாலையைப் பாருங்கள். பேருந்தும் லாரியும் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது பல நாடுகளிலும் மலைச்சாலை வழக்கம்.

இறக்கம்

ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்குங்கள். எஞ்சின் பிடித்து வைக்கட்டும். பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வருவதைவிட, அழுத்திக் குறைத்துவிட்டு முழுதாக விடுவது நல்லது; விட்ட நேரத்தில் டிஸ்க் ஆறும். கருகிய வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ கியரை இறக்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது அறிவில்லாத வேலை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோலைத் தானே நிறுத்திவிடும்.

சாலையில் கிடப்பவை

நிழல் விழும் வளைவில் பாசியும் ஈரமும், மரத்தடியில் ஈர இலை, பாலங்களில் இரும்பு இணைப்பு, மழையில் வெள்ளைக் கோடு. எல்லாவற்றிலும் ஒரே விதி: வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் தொடாமல் கடப்பது. டீசல் வாடை மூக்கில் ஏறினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். லாரியின் நிரம்பிய டாங்கிலிருந்து வளைவுகளில்தான் சிந்தும். வானவில் நிறப் பளபளப்பு கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் சாலை மிகவும் வழுக்கும், எண்ணெயும் தூசியும் குழைந்து மிதக்கும் நேரம் அது. மழைக்கோட்டை நனைந்த பிறகு போடுவதில் அர்த்தமில்லை. மலையில் மேகம் இறங்குவது தெரிந்ததுமே மாட்டிக்கொண்டு, அந்தக் கால் மணியை நின்றே கழியுங்கள். மான் ஒன்று குறுக்கே ஓடினால் இன்னொன்று பின்னால் வரும் என்றே எண்ணுங்கள்.

நிற்பது

காட்சிமுனையில் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வளைவிலிருந்து தள்ளி, இரு பக்கமும் சாலை நன்றாகத் தெரியும் இடம் வேண்டும். சரிவில் வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்க, முதல் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டு போடுங்கள். மூக்கு கீழே இருந்தால் வண்டி முன்னால் நகர, ஸ்டாண்டு மடங்கிவிடும். மண் தரை என்றால் ஸ்டாண்டின் அடியில் தட்டைக் கல். இறங்கி நடந்து இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். மெதுவாகச் சாயும் வண்டி அந்த இரண்டு நிமிடத்தில்தான் முடிவு செய்யும். மறுபடி சாலையில் ஏறும் முன் ஓரச் சரளை டயரில் ஒட்டியிருக்கும். முதல் வளைவு மெதுவாக இருக்கட்டும்.

உடம்பு

ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள், களைத்தாலும் களைக்காவிட்டாலும். ஒவ்வொரு முறையும் ஒரு குவளை தண்ணீர். ஓடும் காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது. தலைவலிதான் முதலில் வரும். மதியம் அரை வயிறு. இரண்டு முதல் நான்கு மணி வரை உடம்பே தூக்கம் கேட்கும் நேரம். கியர் மாற்ற மறப்பது, கடந்த இரண்டு வளைவு நினைவில்லாதது, வழக்கமாக எடுக்கும் கோட்டைத் தவறவிடுவது, இவை வந்தால் காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் நிழலில் படுத்துவிடுங்கள். கை மரத்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். டாங்கை முழங்காலால் பிடியுங்கள், கைகள் தளர்ந்துகொள்ளும்.

சேர்ந்து போனால்

ஆறு வண்டிக்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நேரான சாலையில் மாற்றி மாற்றி இடம் வலமாக, நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டு நொடி இடைவெளி. வளைவுகளில் ஒற்றை வரிசை. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் காண வேண்டும். காணவில்லை என்றால் மெதுவாக்குங்கள், அடுத்த திருப்பத்தில் நில்லுங்கள். இந்த ஒரு விதி இருந்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. மெதுவாக ஓட்டுபவர் இரண்டாவது இடத்தில் வரட்டும். கடைசியில் விட்டால் துரத்திப் பிடிக்கும் அவசரத்தில் அவர்தான் விழுவார். பின்சீட்டில் இருப்பவருக்கு ஒரே பாடம்: வண்டி சாயும்போது கூடவே சாய்வது, எதிர்ப்பக்கம் நிமிராமல் இருப்பது.

டியூப்லெஸ் டயரில் ஆணி

ஆணியைக் கண்டதும் பிடுங்காதீர்கள். கருவிகளை எடுத்து வைத்துவிட்டு, இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, பிறகு பிடுங்குங்கள். ஆணி நுழைந்த அதே கோணத்தில் துருவும் ஊசியை ஐந்தாறு முறை உள்ளே விட்டு எடுங்கள். பிசின் பட்டையை நுழைக்கும் ஊசியின் கண்ணில் பாதிவரை கோத்து, பசை தடவி, இரு முனையும் 2 செ.மீ. வெளியே நீட்டியிருக்கும்வரை அழுத்துங்கள். திருகாமல், ஒரே வெடுக்கில் ஊசியை உருவுங்கள். திருகினால் பட்டையும் கூடவே வந்துவிடும். காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்து, நீட்டியதை 4 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பக்கவாட்டில் ஓட்டை என்றால் இந்த வைத்தியம் இல்லை. வண்டியை ஏற்றிப் போக வேண்டியதுதான். காற்றடிக்கச் சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை நம்பாதீர்கள். அவை சைக்கிளுக்குச் சரி, பைக்கின் பின்டயருக்கு மூன்று நான்கு கேட்கும். கால் பம்போ பேட்டரி பம்போ எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய டயரோடு 60க்குக் கீழேயே ஓட்டி, ஊர் வந்ததும் உள்பக்கமாகப் பேட்ச் போடச் சொல்லுங்கள். டியூப் உள்ள டயர் என்றால் மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், அச்சாணிக்கான ஸ்பானர். அதோடு வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பழகிய கை.

பையில் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்: மாற்று ஃபியூஸ், கேபிள் டை பத்து, துணி டேப், டார்ச், முதலுதவிப் பெட்டி. யாராவது விழுந்தால் முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். விழுந்தவருக்கு மூச்சு சரியாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். 112 என்ற எண் பல நாடுகளில் அவசர உதவிக்கு வேலை செய்யும்.

திரும்பியதும்

செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் விடுங்கள். சூட்டில் எண்ணெய் இண்டு இடுக்கெல்லாம் போகும், காலைக்குள் படிந்துவிடும். துடைக்கும் கையோடு பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பாதி நுழைந்த ஆணி காற்றை இறக்காமல் அப்படியே இருக்கும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் தெரியவரும்.